பக்கத்து வரிசையிலிருந்து ஒரு ‘ம்’

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். திரையில் என் முதல் படம் விழுந்தது. வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் ஓர் ஏலப் பூ.

முதல் வரியைச் சொன்னேன். “ஏலப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான்.” சொன்னது மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில். சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அரங்கம் சும்மா இருந்தது. ஏசியின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

கொஞ்சம் சத்தமாக அதையே மறுபடி சொன்னேன். நிறுத்தினேன். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை ஏறக்குறையக் கத்தினேன். அதற்கும் ஒன்றுமில்லை.

அப்போது என் கால்கள் என்னைக் கேட்காமல் மேடையை விட்டு இறங்கின. முன்வரிசை வரைக்கும் நடந்துபோய், இருட்டில் குனிந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை உற்றுப் பார்த்தேன். நடுவில் இருந்த துறைத் தலைவர் தன் காலடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“என்னப்பா தேடுற?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார். இருக்கீங்களான்னு பார்த்தேன்.”

அதன் பிறகு அரங்கத்தில் எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. மதுரையில் என் கல்லூரியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

செமினாரில் பயப்படாமல் பேசுவது எப்படி என்று எழுதச் சொல்லி, இந்தத் தொடரைப் படிக்கும் கல்லூரித் தம்பிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். என் அறைத்தோழன் ஜெகனுக்கு இது தெரிந்தால், போயும் போயும் உன்னிடமா கேட்டார்கள் என்பான். ஆனாலும் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொல்கிறேன். அதைச் சொல்ல மலைக்குப் போக வேண்டும்.

இலைக்குப் பின்னால்

போடிமெட்டுச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு ஏலத் தோட்டம் ஒரு பச்சைக் கும்மிருட்டு, அவ்வளவுதான். உள்ளே நடக்கும் வேலை வெளியே தெரியாது.

ஏலச் செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். காய் மட்டும் மேலே காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டி நீளும் சரங்களில் காய்க்கும். காய் எடுப்பவர்கள் செடிக்கு அடியில் குத்தவைத்தபடியே நகர்வார்கள். தலைக்கு மேலும் சுற்றிலும் இலைதான். கைக்கெட்டும் தூரத்தில், பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது.

அதனால் அங்கே பேச்சுக்கு ஒரு முறை உண்டு. ஒரு வரி சொல்லி நிறுத்த வேண்டும். பக்கத்து வரிசையிலிருந்து ‘ம்’ வர வேண்டும். வந்தால் அடுத்த வரி. வராவிட்டால் அதே வரியை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கும் வராவிட்டால் மூன்றாவது முறை. மூன்றுக்கும் ‘ம்’ இல்லையென்றால் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பாம்பாக இருக்கலாம், மயக்கமாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். பொன்னுத்தாயி அத்தை ஒருமுறை ஓடைக்குள் சறுக்கி விழுந்து பேச்சில்லாமல் கிடந்தபோது, அவரை உயிரோடு மீட்டது வராமல் போன ஒரு ‘ம்’தான்.

அங்கே ‘ம்’ கொட்டுவது கதை கேட்பதற்கு மட்டுமில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்கும்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ராசிங்காபுரத்தில் அப்பாவுக்குக் குத்தகை நிலம். அம்மாவும் அக்கா ஈஸ்வரியும் மலைக்குக் காய் எடுக்கப் போனார்கள். காலாண்டு லீவு வந்தால் நானும் ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். அம்மா மேல் வரிசை, நடுவில் அக்கா, கீழே நான்.

பள்ளிக்கூடத்தில் கேட்டதையெல்லாம் அக்காவுக்கு வரிவரியாகச் சொல்வேன். சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ம். பூமிதான் சுற்றுகிறது. ம். அப்படியென்றால் நாமும் சுற்றுகிறோம். இந்த இடத்தில் வந்த ‘ம்’ கொஞ்சம் நீண்டு, கடைசியில் மேலே ஏறியது. ‘புளுகாதே’ என்று அதற்கு அர்த்தம். அவளிடம் ஏகப்பட்ட ‘ம்’கள் இருந்தன. மேலே சொல் என்று ஒன்று, வாயை மூடு என்று ஒன்று, பசிக்கிறது என்று ஒன்று. முகத்தைப் பார்க்காமலே எனக்கு எல்லாம் புரியும்.

சில நாள் வேண்டுமென்றே நான் ‘ம்’ கொட்ட மாட்டேன். மூன்று முறை கூப்பிடுவாள். நான்காவதாக இலைகளை விலக்கிக்கொண்டு அவளே வந்துவிடுவாள், கண்ணில் பயத்தோடு. நான் சிரிப்பேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். வலிக்கும். ஆனாலும் அவள் வந்துவிடுவாள் என்று தெரிந்தே அடுத்த நாளும் அதைச் செய்வேன்.

மேடம் கொடுத்த இன்னொரு தேதி

சிரிப்பெல்லாம் அடங்கி அரங்கம் காலியான பிறகு, என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். எதற்காகக் கீழே இறங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். தலைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யும் ஆய்வுக் குழுவிடம் பேசி இன்னொரு தேதி வாங்கித் தருவதாகச் சொன்னார். அதிலும் சொதப்பினால் தலைப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

அந்தத் தலைப்பை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏலத் தோட்டத்துத் தேனீக்களைப் பற்றியது அது. ஏற்றுக்கொண்டால் பூக்கும் காலம் முழுக்க மலையிலேயே தங்கலாம். களம் என்ற இடத்தில் நான் குறித்திருந்தது, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கல்யாணமான பிறகு அக்கா வேலை பார்க்கும் தோட்டம். ஏற்காவிட்டால் மதுரையிலேயே, ஆய்வகத்தில், வேறு ஏதாவது.

தேனீக்கு எந்தப் பூ பிடிக்கும், மருந்தடிக்கிற வாரத்தில் அது எங்கே போகிறது என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை. அதைவிடப் பெரிய ஆசையும் ஒன்று இருந்தது. அதை எந்தக் குழுவிடமும் சொல்ல முடியாது. ஒரு பூக்கும் காலம் முழுக்க அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேடம் சில விஷயங்கள் சொல்லிக் கொடுத்தார். தம்பிகள் குறித்துக்கொள்ளலாம். திரையில் இருப்பதை வாசிக்காதே, அவர்களுக்கும் கண் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு செய்தி போதும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். கடைசி வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதனிடம் பேசு.

தெரிந்த முகத்துக்கு ஜெகன் முன்வந்தான். அவன் தேவாரத்துக்காரன். அவன் அப்பா மக்காச்சோளக் காட்டில் யானைக்குக் காவல் இருப்பவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது இது:

“எங்கூர்ல சத்தம் வந்தா ஆனை. உங்க மலையில சத்தம் வரலைன்னா ஆனையா மாப்ளே? நீ கவலப்படாத. கடைசி வரிசையில உக்காந்து பூம்பூம் மாடு கணக்கா தலையாட்டுறேன், போதுமா?”

போதும் என்றேன். ஆனால் தலையாட்டல் வேறு, ‘ம்’ வேறு. எனக்கு ஒருமுறையாவது அந்த ‘ம்’மோடு இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சுனிதாவின் ‘ம்’

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், மறுநாள் விடியலில் போடியிலிருந்து ஜீப் பிடித்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் தூக்குவாளிகள். வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்தோம். மேலே ஏற ஏற காதடைத்தது. மெட்டில் இறங்கியபோது பனிமூட்டத்தில் பாலில்லாத கட்டஞ்சாயா வாசனை மட்டும் முதலில் வந்தது. கடை பிறகுதான் தெரிந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “என்னடா இப்படி எளைச்சுப் போயிட்ட? ஆஸ்டல்ல சோறு போடுறாங்களா, இல்ல அந்தத் தேனீயத்தான் புடிச்சுத் திங்கிறியா?”

வரிசைக்கு நடந்துகொண்டே செமினாரில் நடந்ததைச் சொன்னேன். மேடையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்த இடம் வந்ததும், சிரிப்புத் தாங்காமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூறுகெட்டவனே” என்றாள்.

நானும் ஒரு கூடையோடு அவளுக்குக் கீழ் வரிசையில் காய் எடுக்க உட்கார்ந்தேன். மேல் வரிசையில் யாரோ இருந்தார்கள். இலை அசைவது மட்டும் தெரிந்தது.

“சுனிதா” என்று கூப்பிட்டாள் அக்கா.

“ம்” என்று ஒரு மெல்லிய குரல்.

ஜார்க்கண்டிலிருந்து புருஷனோடு வந்திருக்கும் பெண். இப்போது மலையில் பாதி வரிசைகளில் அந்த ஊர்க்காரர்கள்தான். தமிழ் தெரியாது, மலையாளமும் தெரியாது. வந்த புதிதில் அக்கா கூப்பிட்டால் பதிலே வராதாம். தினமும் மூன்று முறை கூப்பிட்டு, எழுந்துபோய்ப் பார்த்து, அக்காவுக்குச் சோலியே ஓடவில்லையாம். கடைசியில் ஒருநாள் தன் வாயையும் அவள் வாயையும் தொட்டுக் காட்டி ‘ம்’ சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறாள்.

“இப்பப் பாரு” என்றாள் என்னிடம். பிறகு தேனொழுகும் குரலில், “சுனிதா, உன் மாமியா ஒரு ராட்சசி.”

“ம்.”

“உன் புருசன் கொரங்கு.”

“ம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“பாவம்டா பிள்ளை. ஒண்ணும் புரியாது. ஆனா ஒருநாள்கூட ம் கொட்டாம இருந்ததில்ல. அவ அங்க இருக்கான்னு தெரிஞ்சா மதின்னு விட்டுட்டேன். கதை சொல்றதத்தான் நிறுத்திட்டேன்.”

அவள் கையில் காய் உருவும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

‘மதி’ என்றால் அந்தப் பக்கத்து மலையாளத்தில் ‘போதும்’ என்று அர்த்தம். அக்கா அந்தச் சொல்லை எப்போது எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. கதை சொல்வதை எப்போது நிறுத்தினாள் என்பதும் தெரியவில்லை. நான் விடுதியில் ஆங்கிலம் மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் இரண்டும் நடந்திருக்கும்.

“சரி, உன் பாடத்தச் சொல்லு. கங்காணி வரதுக்குள்ள வெரசா” என்றாள்.

தமிழில் சொன்னேன். ஏலப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். ம். விடியும்போது விரியும். ம். பொழுது சாய்வதற்குள் தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. ம். சில இடங்களில் அக்காவின் ‘ம்’ முடிந்ததும், மேல் வரிசையிலிருந்து சுனிதாவின் ‘ம்’மும் ஒன்று தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது.

ஓர் இடத்தில் மட்டும் ‘ம்’ வரவில்லை. அந்த வரி விளங்கவில்லை போலும் என்று நினைத்து, சொற்களை எளிதாக்கி மறுபடி சொன்னேன்.

“அட கேட்டுச்சுடா” என்றாள். “கால்ல அட்டை ஏறிருச்சு, பிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

இருட்டில் விட்ட இடம்

இரண்டாவது முறையும் அதே அரங்கம். எதிரே அதே ஆட்கள், கூடுதலாக வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். ஜெகன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒத்திகை பார்ப்பதுபோல் தலையை ஆட்டிக் காட்டினான். தைரியமாக மேடையேறினேன்.

விளக்குகளை அணைத்தார்கள். ஜெகன் காணாமல் போனான்.

இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. திரை வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாமே இருட்டு.

என் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகளில் காய்க் கறை இன்னும் போகவில்லை. மைக்கைப் பிடித்த கை மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. சோப்புக்குப் போகாத பச்சை ஏலக்காய் வாசம்.

முதல் வரியைச் சொன்னேன். ஏலப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். நிறுத்தினேன்.

இந்த முறை நான் கத்தவில்லை. அக்காவின் ‘ம்’ எவ்வளவு நீளமோ, அவ்வளவு நேரத்தை அங்கே விட்டேன். இருட்டும் அமைதியும் இலைக்கூட்டம்போல் சுற்றி நின்றன. அவள் அந்தப் பக்கத்தில்தான் குத்தவைத்திருக்கிறாள், முகம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு இரண்டாவது வரி. மறுபடி அந்த இடம். பெரிய விஷயங்கள் வரும்போது, சுனிதாவின் ‘ம்’முக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரோ இருமியதுகூட நான் விட்ட இடத்தில்தான் இருமினார்கள்.

விளக்கு எரிந்ததும் கேள்விகள் வந்தன. தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு இடத்தில் தெரியாது என்றேன். வெளியூர் நிபுணர் கடைசியாகப் பேசினார். பெரும்பாலான மாணவர்கள் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கிறார்கள், இவர் நமக்கு யோசிக்க இடம் விட்டார் என்றார். மேடம் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

செமினாரில் பேச எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். ஒரு வரி சொல்லுங்கள். உங்களுக்கு ‘ம்’ கொட்டக்கூடிய ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு அந்த ‘ம்’முக்கு இடம் விடுங்கள். அதன் பிறகு அடுத்த வரி.

ஆனால் அந்த நாள் அதோடு முடியவில்லை. நன்றாகப் பேசியதால்தான் முடியவில்லை.

வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் தன் ஆய்வு நிறுவனத்துக்கு வருமாறு அந்த நிபுணர் என்னைக் கூப்பிட்டார். அங்கே கடுகு வயல்களில் தேனீ ஆராய்ச்சி. சில வருடங்கள் அங்கேயே இருக்க வேண்டும். மலைத் தலைப்பையும் குழு ஏற்றுக்கொண்டது. நான் வடக்கே போனால் எனக்கு அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி அதை எடுத்துச் செய்வாள். ஒரே மத்தியானத்தில் கேட்டதும் கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இப்படி ஒரு இடம் இன்னொரு தடவை வராது என்று மேடம் சொன்னார். முடிவை மட்டும் என்னிடமே விட்டார். ஜெகன் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஊருக்கு போன் செய்தபோது அம்மா, வடக்கே சோறு கிடைக்குமா என்று கேட்டார்.

மூன்றாவது முறை

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். விடுதி மொட்டைமாடியில், துணிக்கொடிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். செமினார் நன்றாகப் போனது என்றேன். ம் என்றாள், சந்தோஷமான ‘ம்’. வெளியூர்க்காரர் பாராட்டினார் என்றேன். ம்.

“அக்கா, என்னைய வடக்கே கூப்பிடுறாங்க.”

ஒன்றுமில்லை.

சத்தமாக மறுபடி சொன்னேன். கொடியில் துணி படபடத்தது. மூன்றாவது முறை, கீழ் மாடியில் யாரோ எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

‘ம்’ வரவில்லை.

அழைப்பைத் துண்டித்தேன். கீழே வந்து பையில் ஒரு சட்டையைத் திணித்துக்கொண்டு, போடி பஸ்சுக்குக் கிளம்பினேன். எங்கேடா என்று ஜெகன் கேட்டான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். எதை என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத்தான் கதை தெரியுமே.

மறுநாள் காலை நான் வரிசைக்குள் நுழைந்தபோது இலைகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. இலைகளை விலக்கினேன். அக்கா குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, நான் வந்ததில் ஒன்றும் அதிசயமில்லை என்பதுபோல் மறுபடி குனிந்தாள்.

“நேத்து சிக்னல் போயிருச்சுடா” என்றாள்.

சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. அவள் உச்சந்தலையைப் பார்த்தேன். நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கீழ் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொன்னேன். வடக்கே கூப்பிடுகிறார்கள். ம். சில வருஷம் ஆகும். ம். மலைத் தலைப்பை வேறு பிள்ளை செய்யும். இதற்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ம். நீ வேண்டாமென்றால் போக மாட்டேன். இதற்கு ‘ம்’ வரவில்லை. கேள்விதான் வந்தது.

“அது நம்ம சுனிதா ஊர்ப் பக்கமா?”

“அதுக்கும் மேலக்கா.”

“அவுக பாஷை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாட்டி என்ன, இவ வந்து பொழைக்கலையா? போய்ப் படி.” காய் உருவும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. “அங்க உன் பக்கத்து வரிசையில யாருடா இருப்பா?”

“தெரியலக்கா.”

ஒன்றும் வரவில்லை. மரத்திலிருந்து பனி சொட்டியது. மறுபடி, “தெரியலக்கா” என்றேன். மேல் வரிசையில் சுனிதாவின் கையும் நின்றுவிட்டது போலிருந்தது. மூன்றாவது முறைவரை நான் பொறுக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தேன்.

“உக்காருடா” என்றாள், இலைக்கு அந்தப் பக்கமிருந்து. “இருக்கேன்.”